வாசகர் கேட்டவை: பிரிட்டனின் தீராத வழக்கு

சென்ற மாதம் இப்பகுதியில், பிரெக்ஸிட் வாக்கெடுப்பை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறலாமா என்று 2016இல் நடந்த வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டிருந்த ஒரு வாசகருக்கு நான்கே வரிகளில் பதில் எழுதி, அதை ‘முடிந்துபோன கதை’ என்றும் குறிப்பிட்டிருந்தேன். அந்தச் சொல்லுக்காக என்னைக் கண்டித்தும், கிண்டல் செய்தும், மேலும் கேட்டும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வாசகர், ஈரோடு: எங்கள் ஊராட்சியில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவரையும் மறுநாள் காலையில் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிட்டோம். ஜனநாயகத்தை ஊருக்கெல்லாம் போதித்த பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் தோல்வியை ஏற்றுக்கொள்ள ஏன் இத்தனை ஆண்டுகளாகியும் மனம் வரவில்லை?

பதில்: 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று 1,74,10,742 பேரும், நீடிக்க வேண்டும் என்று 1,61,41,241 பேரும் வாக்களித்தார்கள். விழுக்காட்டில் 51.9, 48.1. இந்த எண்ணிக்கையைப் பொய் என்று சொன்ன முக்கியமான அரசியல்வாதி அங்கே யாரும் இல்லை. நீடிக்கும் தரப்புக்குத் தலைமை தாங்கிய பிரதமர் டேவிட் கேமரன் மறுநாள் காலையிலேயே பதவி விலகப்போவதாக அறிவித்துவிட்டார். ஆகவே தோல்வியை ஏற்கவில்லை என்பது பாதிதான் உண்மை. எதில் தோற்றோம், எதில் ஜெயித்தோம் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

உங்கள் ஊராட்சித் தலைவருக்கு ஒரு பெயரும் முகமும் இருந்தன. பிடிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் கழித்து மாற்றவும் வழி இருந்தது. பிரிட்டனின் வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். ஒன்றியத்தின் உறுப்பு நாடாக நீடிப்பதா, ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதா என்பது கேள்வி. முதல் கட்டம் காட்டிய வீடு, 1973 முதல் அவர்கள் குடியிருந்த வீடு. அதன் ஒழுகலும் வெளிச்சமும் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது கட்டமோ வாசற்கதவை மட்டும்தான் காட்டியது. கதவுக்கு அப்பால் எந்தத் தெரு என்று சொல்லவில்லை. நார்வேயைப் போல ஒற்றைச் சந்தைக்குள் (ஒன்றிய நாடுகள் தடையின்றி வணிகம் செய்யும் பொது ஏற்பாட்டுக்குள்) இருந்துகொண்டே உறுப்பினராக மட்டும் இல்லாமலிருக்கலாம் என்று நினைத்தவரும், கனடாவைப் போல வெறும் வணிக ஒப்பந்தம் போதும் என்றவரும், ஒப்பந்தமே வேண்டாம் என்றவரும் ஒரே கட்டத்தில்தான் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டார்கள். (பென்சிலால் போட்டதை உளவுத்துறையினர் அழித்து மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, வீட்டிலிருந்தே பேனா எடுத்துப் போனவர்களும் உண்டு. நம் மின்னணு இயந்திரச் சந்தேகங்களுக்கு அங்கும் ஒரு சித்தப்பா மகன் இருக்கிறான்.)

வெளியேறும் தரப்பு ஜெயித்தால் என்ன செய்வது என்று அரசாவது யோசித்து வைத்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. அத்தகைய திட்டமிடலே வேண்டாம் என்று கேமரன் அரசு முடிவு செய்திருந்ததை, மக்களவையின் வெளியுறவுக் குழு அடுத்த மாதமே ‘மிகக் கடுமையான அலட்சியம்’ என்று கண்டித்தது. பிறகு தெரசா மே பிரதமராகி, ஒன்றியத்தோடு பேசி ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தபோது, 2019 ஜனவரி 15 அன்று மக்களவை அதை 432க்கு 202 என்று தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள்; அவர்களில் பலர் வெளியேறியே ஆக வேண்டும் என்று முழங்கியவர்கள். ஜெயித்தவர்களே ஜெயித்தது எதுவென்று ஒத்துக்கொள்ளாதபோது, தோற்றவர்கள் எதை ஏற்றுக்கொள்வது?

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வாக்கெடுப்புக்காக 2015இல் இயற்றிய சட்டத்தில், அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரிகூட இல்லை. சட்டத்தின்படி அது ஓர் ஆலோசனை மட்டுமே. இத்தனை விழுக்காடு வேண்டும் என்ற வரம்பும் கிடையாது. (1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தார்கள், வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தும் அது நிறைவேறாமல் போனது.) ஆனால் வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 93 லட்சம் பவுண்டு செலவில் அரசு வீடுதோறும் அனுப்பிய துண்டுப் பிரசுரத்தில், நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும் என்று அச்சிட்டிருந்தது. ஒரு தரப்பு சட்டப் புத்தகத்தை நீட்டுகிறது, மற்றத் தரப்பு அந்தப் பிரசுரத்தை நீட்டுகிறது. இரண்டும் அதே அரசு கொடுத்த காகிதங்கள்தாம்.

வாசகர், ஹாரோ, லண்டன்: 2016இல் என்னிடம் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் இருந்தது, ஆனாலும் அந்தச் சர்வஜன வாக்கெடுப்பில் வாக்களித்தேன். என் பக்கத்து வீட்டு இத்தாலியர் முப்பது வருடமாக இங்கே வரி கட்டுகிறவர்; அவருக்கு வாக்கு இல்லை. அவர் இன்றைக்கும் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டுவார். நான் என்ன பதில் சொல்வது?

பதில்: சொல்வதற்கு ஒன்றும் இல்லை ஐயா; அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் விதியையே இந்த வாக்கெடுப்புக்கும் வைத்துக்கொண்டார்கள். அதன்படி அங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கும் அயர்லாந்துக் குடிமக்களுக்கும் வாக்கு உண்டு. அதனால் இந்தியர், இலங்கையர் எல்லாம் வாக்களித்தார்கள். ஒன்றியத்து நாடுகளில் மால்டா, சைப்ரஸ் நாட்டினர் காமன்வெல்த் கணக்கில் உள்ளே வந்தார்கள். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் போலந்துக்காரரும் வெளியே நின்றார்கள். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குடியிருப்பு உரிமையைத் தொடும் கேள்வியை, அவர்களைத் தவிர்த்துவிட்டுக் கேட்டார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்களுக்கும் வாக்கு இல்லை. 2014இல் ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பில் பதினாறு வயதினர் வாக்களித்திருந்தும், இதில் பதினெட்டு ஆக வேண்டும் என்றார்கள்.

இந்தப் பதினெட்டு வயது விவகாரத்தை நான் ஒரு சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். உங்கள் ஹாரோவிலேயே என் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணன் வெளியேறும் பக்கம் வாக்களித்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், நம் ஊரிலிருந்து ஒரு சமையற்காரரை வரவழைக்க மட்டும் ஆயிரம் காகிதம் கேட்கிறார்களே என்பது அவருடைய கோபம். அது அவருக்குத் தானாக வந்த கோபமும் அல்ல. ஒன்றியத்தைவிட்டு வந்தால் ‘கறி ஹவுஸ்’ உணவகங்களுக்குத் தெற்காசியச் சமையற்காரர்கள் கிடைப்பார்கள் என்று வெளியேறும் தரப்பு அரசியல்வாதி பிரீத்தி படேல் போன்றோர் அப்போது பிரசாரமே செய்தார்கள். அவருடைய மகளுக்கு வாக்கெடுப்பு நாளன்று பதினெட்டு நிறைய ஏழு வாரம் பாக்கி. 2018இல் நான் அங்கே போயிருந்தபோது, அண்ணி தொலைக்காட்சியை அணைத்த பிறகுதான் சோறு போட்டார். ஒரு நாள் அணைக்க மறந்துவிட்டார். செய்தியில் ‘பேக்ஸ்டாப்’ என்ற சொல் (அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடி வராமலிருக்கப் பேசப்பட்ட ஏற்பாட்டின் பெயர்) வந்ததுதான் தாமதம், “என் வாழ்க்கைக்கு நீங்க ஓட்டுப் போட்டீங்கப்பா, எனக்கு ஓட்டே இல்ல” என்றாள் அந்தப் பெண். அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிறைந்து விளிம்புக்கு வந்த பிறகுதான் கரண்டியை வைத்தார்.

அந்த மேசையில் நடந்தது நாடெங்கும் நடந்தது. வாக்களித்தவர்களிடம் பிரிட்டனின் கணிப்பாளர் அஷ்கிராஃப்ட் பிரபு எடுத்த கருத்துக் கணிப்பில், 18 முதல் 24 வயது வரையிலானவர்களில் 73 விழுக்காட்டினர் நீடிக்க வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்களில் 60 விழுக்காட்டினர் வெளியேற வேண்டும் என்றும் வாக்களித்ததாகச் சொன்னார்கள்.

அண்ணன் கேட்டது நடந்ததா என்று நீங்கள் கேட்கலாம். ஒருவகையில் நடந்தது. 2021 ஜனவரி முதல், அயர்லாந்தினரைத் தவிர மற்ற எல்லா நாட்டினருக்கும், தகுதிகளுக்குப் புள்ளி கொடுத்து விசா வழங்கும் ஒரே முறை வந்தது. ஐரோப்பியர் வரவு குறைந்தது. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் மருத்துவமனை, முதியோர் இல்லப் பணியாளர்களும் பெருகினார்கள். 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. குடியேற்றம் குறைய வேண்டும் என்பதற்காகவே வெளியேறும் கட்டத்தில் கோடு போட்ட லிங்கன்ஷயர்க்காரருக்கு இந்த எண்ணைப் பார்த்து எப்படி இருந்திருக்கும்? அவரும் இன்று ஏமாற்றப்பட்டதாகத்தான் சொல்கிறார்.

வாசகி, திருச்சி: மனம் மாறிவிட்டது என்று தெரிந்தபோதே இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி முடித்திருக்கலாமே?

பதில்: நடத்தியிருக்கலாம் என்று லட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 60 விழுக்காட்டுக்குக் குறைவான ஆதரவும் 75 விழுக்காட்டுக்குக் குறைவான வாக்குப்பதிவும் இருந்தால் மறு வாக்கெடுப்பு வேண்டும் என்று கோரி நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. நாற்பது லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி வைத்தவர், தன் பக்கம் தோற்றுவிடும் என்று நினைத்திருந்த வெளியேறும் தரப்பு ஆதரவாளர் ஒருவர். 52க்கு 48 என்று முடிவு வந்தால் விவகாரம் அதோடு முடிந்துவிடாது என்று வெளியேறும் தரப்பின் முன்னணித் தலைவர் நைஜல் ஃபராஜும் 2016 மே மாதம் சொன்னார். அவர் மனத்தில் இருந்தது நீடிக்கும் தரப்புக்கு 52; எண்கள் அப்படியே வந்தன, பக்கம்தான் மாறிவிட்டது.

இதே கேள்வியை இரண்டு முறை கேட்பது பாவம் அல்ல. அயர்லாந்து, ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001இல் நிராகரித்து 2002இல் ஏற்றது. லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008இல் நிராகரித்து 2009இல் 67 விழுக்காட்டு ஆதரவோடு ஏற்றது. ஆனால் இடையில் அயர்லாந்து கேட்ட உறுதிமொழிகளை ஒன்றியம் கொடுத்தது. கேள்வியின் உள்ளடக்கம் கொஞ்சமாவது மாறியிருந்தது. பிரிட்டனில் ‘மறுபடி கேளுங்கள்’ என்றவர்களில் பெரும்பாலோர், முதல் முடிவைப் பிடிக்காதவர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அந்தக் கோரிக்கை நியாயமாக இருந்தும், எதிர்த்தரப்பின் காதில் அது ‘உங்கள் ஓட்டு செல்லாது’ என்றுதான் விழுந்தது. முதன்முறையாகத் தங்கள் ஓட்டுக்குப் பலன் கிடைத்ததாக நினைத்த வடக்கு இங்கிலாந்தின் பழைய தொழில் நகரத்து மக்களிடம் போய் அதைச் சொல்வது எளிதல்ல.

நாடாளுமன்றமாவது முடிச்சை அவிழ்த்ததா? 2019 மார்ச் 27 அன்று எட்டு வழிகளை முன்வைத்து ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுத்தார்கள், எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கை வைத்தார்கள், நான்கும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் (வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி வைக்கும் ஏற்பாட்டில்) இருப்பது 273க்கு 276 என மூன்றே வாக்கில் போனது. ஒப்பந்தத்தை மக்களிடம் வாக்குக்கு விடுவது 280க்கு 292 என்று போனது. கடைசியில் 2019 டிசம்பர் தேர்தலில், மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் 80 இடப் பெரும்பான்மை பெற்று வந்ததும் மறு வாக்கெடுப்புப் பேச்சு அடங்கியது. 2020 ஜனவரி 31 இரவு பதினொரு மணிக்கு வெளியேறினார்கள். பிரஸ்ஸல்ஸில் அப்போது நள்ளிரவு.

வாசகர், நாகர்கோவில்: வாரம் 35 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று ஒரு பேருந்தில் எழுதியிருந்தார்களே, கிடைத்ததா?

பதில்: வெளியேறும் தரப்பின் பிரசாரப் பேருந்து அது. அந்தத் தொகை, ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காமலும், ஒன்றியத்திலிருந்து திரும்பி வந்த உதவிகளைக் கணக்கில் சேர்க்காமலும் எழுதியது. அது மக்களைத் தவறாக எண்ண வைக்கும் என்று பிரிட்டனின் புள்ளியியல் ஆணையமே பிரசாரம் நடக்கும்போதே சொன்னது. இருந்தும், தொகையைத் திருத்தத் திருத்த ‘எத்தனை கோடி?’ என்ற பேச்சே ஓங்கியது. பேருந்தில் எழுதியவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

வாசகர், மதுரை: அங்கே கட்சி பார்த்துப் பிரியாதவர்கள்கூட இந்த ஒன்றில் பிரிந்து நிற்கிறார்கள் என்று படித்தேன். மிகைப்படுத்தல் இல்லையா?

பதில்: இல்லை. லண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்த சாரா ஹோபோல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ‘வெளியேறுவோர்’, ‘நீடிப்போர்’ என்ற இரு அடையாளங்களும் கட்சிப் பற்றுக்குச் சற்றும் குறையாத பகைமையை உண்டாக்கியிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். 2015இல் இப்படி இரண்டு சாதிகள் அந்த நாட்டில் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கேள்வி அவற்றைப் பெற்றுப்போட்டது. தோற்றவர்களுக்கு ‘ரிமோனர்’ என்று பெயர் வைத்தார்கள். நீடிப்பதையும் புலம்புவதையும் ஒரே சொல்லில் ஒட்டிய ஏளனம் அது. மற்றத் தரப்பாரை அறிவிலிகள் என்றும் இனவெறியர்கள் என்றும் பொத்தாம்பொதுவாகத் திட்டியவர்களும் குறைவில்லை.

சொற்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, 2016 ஜூன் 16 அன்று, நீடிக்கும் தரப்பைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தம் தொகுதியிலேயே கொலை செய்யப்பட்டார். வெளியேறும் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று மட்டுமே அந்த நவம்பரில் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு, ‘மக்களின் எதிரிகள்’ என்று முதல் பக்கத் தலைப்பிட்டது டெய்லி மெயில். வெளியேறக் கூடாது என்று அவர்கள் சொல்லவே இல்லை.

வாசகர், யாழ்ப்பாணம்: ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் நீடிக்கவே வாக்களித்தன. அவர்களுடைய தீர்ப்புக்கு மதிப்பில்லையா?

பதில்: நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணினால் இந்தக் கேள்வி தானாக எழும். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காடும் நீடிப்பதற்கே விழுந்தன. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொல்லின. இங்கிலாந்தின் மக்கள்தொகைக்கு முன்னால் மற்றவர்களின் பெரும்பான்மை கரைந்துபோனது. 2014இல் தனி நாடு வேண்டாம் என்று 55 விழுக்காட்டினர் சொன்னபோது, பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பாவில் நிலைக்கலாம் என்பது ஸ்காட்லாந்து மக்களிடம் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இன்னொரு விடுதலை வாக்கெடுப்பை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

வட அயர்லாந்தின் கதை இன்னும் கூர்மையானது. 1998இல் அங்கே நடந்த சமாதான வாக்கெடுப்பின்போது, ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் வீடுதோறும் அனுப்பினார்கள். எதற்கு வாக்களிக்கிறோம் என்று படித்துவிட்டு 71 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். பிரெக்ஸிட்டில் படிப்பதற்கு வாசகமே இல்லை. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்திலேயே இருக்க, வட அயர்லாந்து வெளியேறியது; ஆனாலும் அயர்லாந்துத் தீவின் நடுவே சோதனைச் சாவடி கூடாது என்பதற்காகச் சோதனையைக் கடலுக்கு நகர்த்தினார்கள். பிரிட்டனிலிருந்து வரும் சரக்குக்கே காகிதம் கேட்கும் நிலை வந்தது. அதை எதிர்த்து, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்னும் ஜனநாயக ஒன்றியக் கட்சி விலகிக்கொண்டதால், 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் முழுமையான அரசே இயங்கவில்லை. அந்தக் கட்சி 2016இல் வெளியேறச் சொல்லிப் பிரசாரம் செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசகி, சேலம்: ஒரு நாட்டையாவது காட்டுங்கள், இப்படிச் சண்டை மிஞ்சாமல் வாக்கெடுப்பு நடத்திய நாடாக.

பதில்: நியூசிலாந்து. தேர்தல் முறையை மாற்றலாமா என்ற சிக்கலான கேள்வியை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். 1992இல், மாற்றம் வேண்டுமா, வேண்டுமானால் இந்த நான்கில் எது என்று கேட்டார்கள், 84.7 விழுக்காட்டினர் மாற்றம் வேண்டும் என்றார்கள். 1993இல், அந்த நான்கில் அதிக வாக்குப் பெற்ற முறையையும் பழைய முறையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். புதிய முறைக்குக் கிடைத்தது 53.9 விழுக்காடுதான், பிரிட்டனைவிடப் பெரிய வெற்றி ஒன்றும் அல்ல. ஆனால் தோற்றவர்களுக்கு, பின்னொரு நாள் மறுபடி கேட்போம் என்ற வாசல் திறந்திருந்தது. 2011இல் மறுபடி கேட்டார்கள், 57.8 விழுக்காட்டினர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள். மறு வாக்கெடுப்பு என்பது அங்கே துரோகமாகத் தோன்றவில்லை.

வாசகர், கோயம்புத்தூர்: இப்போது பெரும்பாலானோர் வருந்துகிறார்கள் என்றால் திரும்பச் சேர்ந்துவிட வேண்டியதுதானே?

பதில்: 2025 ஜனவரியில் யூகவ் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் வெளியேறியது தவறு என்று 55 விழுக்காட்டினரும் சரி என்று 30 விழுக்காட்டினரும் சொன்னார்கள். இதில் மனம் மாறியவர்களும் உண்டு. 2016க்குப் பிறகு இறந்த முதியவர்களின் இடத்தில் வாக்காளரான இளையவர்களும் உண்டு. ஆனால் ‘தவறு’ என்பதும் ‘திரும்பப் போகலாம்’ என்பதும் ஒன்றல்ல. திரும்பச் சேர எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்ப வேண்டும்; பழைய தள்ளுபடி கிடைக்காது. 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியே, ஒற்றைச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் திரும்பப்போவதில்லை என்று தேர்தல் அறிக்கையில் எழுதித்தான் வந்தது. 2025 மே மாதம் ஒன்றியத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் மீன்பிடி உரிமையைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்ததற்கே ‘சரணாகதி’ என்ற கூச்சல் எழுந்தது. என்னைக் கேட்டால், இன்னொரு முறை கேட்பதாயிருந்தால் போகும் ஊரின் பெயரையும் வண்டிக்கட்டணத்தையும் சீட்டிலேயே எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு இன்றைய அரசியல்வாதிகள் எவரும் தயாராக இல்லை.

வாசகர், காரைக்குடி: நான் நாணயம் சேகரிப்பவன். பிரெக்ஸிட் நினைவாக 50 பென்ஸ் நாணயம் ஒன்று உண்டாமே. அதில் இரண்டு தேதிகள் உண்டா?

பதில்: ஒரே தேதிதான், ஆனால் இரண்டு முறை அடித்தார்கள். முதலில் 2019 அக்டோபர் 31 என்று பொறித்து அடிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தேதி தள்ளிப்போனதும், அடித்து முடித்திருந்த பத்து லட்சம் அளவிலான நாணயங்களை உருக்கிவிட்டார்கள். பிறகு 2020 ஜனவரி 31 என்று பொறித்து, ‘எல்லா நாடுகளுடனும் அமைதி, செழிப்பு, நட்பு’ என்ற வாசகத்தோடு வெளியிட்டார்கள். அந்த வாசகத்திலும் சண்டை வந்தது. ஆங்கில மூலத்தில் ‘செழிப்பு’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது, படித்தவர்கள் இந்த நாணயத்தைத் தொடக் கூடாது என்றார் எழுத்தாளர் ஃபிலிப் புல்மன். காற்புள்ளி தேவையில்லை என்ற கட்சியும் உடனே கிளம்பியது. உங்கள் சேகரிப்புக்கு வாங்குவதாயிருந்தால் ஜனவரித் தேதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அக்டோபர்த் தேதி போட்டு யாராவது விற்க வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.